கத்தரிப்பூ நிறத்துக்கு ஒரு காரணம்

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோபம் வந்து திட்டியிருந்தால்கூட அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். கோபமே வரவில்லை. இன்றைக்கு நாலு பேர் சிரிக்கப் பேசலாம், நல்ல தீனி மாட்டியது என்று சந்தோஷம்தான் வந்தது.

ஒரே ஓர் அறை. மூன்று சுவர் கத்தரிப்பூ நிறம். நாலாவது கிளிப்பச்சை. ஜன்னல் கட்டைக்கு மஞ்சள், கூரைக்கு ரோஸ். நடுவில் ஒரு கட்டில், ஒரு மேசை விசிறி, ஆணியில் இரண்டு சட்டை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: ‘லீவு நாள்ல நானே அடிச்சது. எப்படி இருக்கு?’

கேட்டது எங்கள் குழுவில். பெயிண்ட் கடைக்காரர் தன்னிடம் வாங்குகிறவர்களையெல்லாம் சேர்த்துச் செல்போனில் ஒரு குழு வைத்திருந்தார். ‘நம்ம வீடு நம்ம கலரு’ என்று பெயர். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் படம் போடுவார்கள், மற்றவர்கள் சூப்பர் என்பார்கள். என்னை மாதிரி பெயிண்டர்களும் சிலர் இருந்தோம். மகள்தான் என்னைச் சேர்த்துவிட்டாள். மூட்டு தேய்ந்து, ஏணி ஏற முடியாமல் வீட்டோடு உட்கார்ந்துவிட்ட அப்பா, அம்மாவோடு மல்லுக்கு நிற்காமல் இருக்கட்டும் என்று.

எனக்கு அந்தப் போன் கண்ணாடியில் எழுத வராது. ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். மைக்கை அமுக்கிப் பேசிவிடுவேன். அதுவே வழக்கமாகிப்போனது. யாராவது படம் போட்டால் உடனே இன்னொருவர், ‘பெரிசு எங்கப்பா? தீர்ப்பு வரட்டும்’ என்று எழுதுவார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பேன். செருமலுக்கே சிரிப்பார்கள்.

ஆயுசு முழுக்க ஏணியில் நின்றவன் நான். எந்த வீட்டுக்காரரும் என்ன கலர் நன்றாக இருக்கும் என்று என்னைக் கேட்டதில்லை. கலர் கார்டில் விரல் வைப்பார்கள், நான் அடிப்பேன். ‘பார்த்து, தரையில சொட்டாம அடி’ என்பதுதான் என்னிடம் பேசிய பேச்சு. இப்போது முகம் தெரியாதவர்களெல்லாம் வரிசையில் நின்று கேட்கிறார்கள். தலைக்கு ஏறாமல் என்ன செய்யும்?

கத்தரிப்பூ படத்துக்கு நான் பேசியது இதுதான். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை.

“யாருப்பா இது? வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சியா, இல்ல வீடு வாந்தி எடுத்துச்சா? இந்த ரூமுல படுத்தா கனவுகூட உள்ள வராது, பயந்துக்கிட்டு வாசல்லயே நின்னுடும். மேல ரோஸு, பக்கத்துல கிளிப்பச்சை, மிச்சமெல்லாம் கத்தரிப்பூ. இருந்த டப்பாவையெல்லாம் சுவத்துமேல கவுத்துட்டியா? பொம்பளை இல்லாத வீடுன்னு பார்த்தாலே தெரியுது. இருந்திருந்தா பிரஷ்ஷைப் புடுங்கி உன் மூஞ்சிலயே ஒரு கோட்டு அடிச்சிருப்பா.”

குழு உருண்டு புரண்டு சிரித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வடியும் மஞ்சள் மூஞ்சிகள் திரை முழுக்க. ஒருவன் அந்தப் படத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டான். இன்னொருவன் என் குரலுக்குக் கீழே தாளம் சேர்த்துப் பாட்டாக்கிவிட்டான். ‘வீடு வாந்தி எடுத்துச்சா’ என்று மட்டும் திரும்பத் திரும்ப வரும், டம் டம் என்று அடி விழும். அது குழுவை விட்டு வெளியே போய், எங்கெங்கோ சுற்றி, மகள் வேலை பார்க்கும் இடத்துக்கே வந்து சேர்ந்தது.

“அப்பா, எங்க ஆபீஸ்ல உங்க குரல்தான் ஓடுது” என்று போனில் சொன்னாள்.

“அப்படியா! என்ன சொல்றாங்க?”

“சிரிக்கிறாங்க. எங்க அப்பான்னு நான் சொல்லல.”

அவள் ஏன் சொல்லவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வெட்கப்படுகிறாள், போகட்டும் என்று விட்டுவிட்டேன். நாலு பேருக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இத்தனைக்கும் படம் போட்ட ஆள் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அவரைக் ‘கத்தரிப்பூ’ என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். ‘கத்தரிப்பூ சார், ஏன் சார் இந்தக் கொலவெறி?’, ‘ஏன் இந்தக் கலர்?’, ‘ஏன், கடையில வேற டப்பா இல்லையா?’ என்று ஒரே ஏன் மயம். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அவர் எழுதினார்:

‘அம்மாவுக்குப் பார்வை ரொம்ப மங்கிடுச்சு. எந்தப் பக்கம் கதவு, எந்தப் பக்கம் ஜன்னல்னு தெரியணும்னுதான் பக்கத்துக்கு ஒரு கலரா அடிச்சேன். பார்க்க அசிங்கமா இருந்தா மன்னிச்சுக்குங்க.’

அவ்வளவுதான். குழு அப்படியே குப்புற விழுந்தது. சிரித்த அதே ஆட்கள், அதே கையால், ‘கண் கலங்கிருச்சு’ என்று எழுதினார்கள். கண் கலங்கிவிட்டது என்று எழுதுகிறவனை நான் நம்புவதில்லை. நிஜமாகவே கலங்கியிருந்தால் எழுத்து எப்படித் தெரியும்? பாட்டுக் கட்டினவனே, ‘பெரிசு மன்னிப்பு கேட்டே ஆகணும்’ என்று எழுதினான். வயசுக்கு மரியாதை இல்லாதவன், வாய்க்கொழுப்பு, அம்மா வயிற்றில் பிறந்தவன்தானா என்றெல்லாம் வந்தது. எல்லாம் எனக்கு.

கடைக்காரர் போன் செய்தார்.

“அண்ணே, ஒரு வாய்ஸ் போட்டு முடிச்சு விட்டுடுங்க. தெரியாமப் பேசிட்டேன்னு ரெண்டு வார்த்தை. இல்லன்னா உங்களை எடுத்துடச் சொல்லி ஒத்தக்கால்ல நிக்கிறாங்க.”

“அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சவங்கதானே?”

“இருக்கட்டும்ணே. எனக்கு வியாபாரம் நடக்கணும்ல.”

நான் போடவில்லை. அந்தப் படத்தை எடுத்து, மகள் காட்டிக்கொடுத்தபடி இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன். எனக்கு யார் சொன்னாலும் உடனே நம்புகிற புத்தி இல்லை. பார்வை மங்கினவர்கள் சுவரைத் தடவித்தான் நடப்பார்கள். தடவின இடம் இடுப்பு உயரத்தில் கோடு போட்ட மாதிரி கறுக்கும். புதுப் பெயிண்ட் என்றாலும் ஈரத்தில் ஒரு விரல் தடமாவது விழுந்திருக்கும், இந்தச் சுவரில் அதுகூட இல்லை. ஆணியில் தொங்கியதும் ஆம்பளைச் சட்டை மட்டும்தான். எல்லாவற்றுக்கும் மேலே அந்த ரோஸ்.

“ஏண்டி” என்று வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “கண்ணு தெரியாத அம்மாவுக்காக அடிச்சானாம். கூரைக்கு எதுக்கு ரோஸு? அந்தம்மா என்ன பல்லியா, கூரையில நடக்கறதுக்கு?”

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. “பொய்யாவே இருக்கட்டும். உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

“ஊரே என்னைக் காறித் துப்புது. என்னைக் கெட்டவனாக்கிட்டான்டி அவன்.”

“அவரா ஆக்கினாரு?” என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் செய்தது என்ன என்றால், கடைக்காரருக்குப் போன் போட்டேன். “வாய்ஸ்ல கேட்டா அது மன்னிப்பு இல்லப்பா. நேர்லயே போய்க் கேக்குறேன். நீதானே அங்க டப்பா இறக்கின, வீடு எங்கன்னு சொல்லு” என்றேன். என் குரல் எனக்கே தேன் மாதிரி இருந்தது. கடைக்காரர் உருகிவிட்டார். “உங்களுக்குப் பெரிய மனசுண்ணே” என்றார். விலாசம் கொடுத்தார். கையும் களவுமாகப் பிடித்துவந்து குழுவில் போட்டு உடைக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். மன்னிப்பு கேட்கும் எண்ணம் மருந்துக்கும் இல்லை.

கிளம்பும்போது வீட்டுக்காரி ஒரு பையை நீட்டினாள். ஆரஞ்சுப் பழம்.

“எதுக்கு?”

“கண்ணு தெரியாத அம்மா இருக்கற வீட்டுக்கு வெறுங்கையை வீசிட்டுப் போவீங்களா?”

“அம்மாவே இல்லைங்கறேன்.”

“இருந்துட்டா?”

வாங்கிக்கொண்டேன். திருடனைப் பிடிக்கப் போகிறவன் கையில் பழப் பை.

அது ஒரு பெரிய ஓட்டலின் பின்பக்கத் தெரு. ஓட்டலின் முன்பக்கம் எப்படியோ, பின்பக்கம் வெந்நீர் ஆவியும் சோப்பு வாசனையுமாக இருந்தது. எதிரே ஒட்டி ஒட்டி மாடி வீடுகள். சொன்ன வீட்டின் கீழ்ப்படியில் ஓர் அம்மாள் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“மேல அம்மாவும் மகனும் இருக்காங்களே, அந்த வீடுதானேம்மா?”

“அம்மாவா? அவரு ஒண்டிக்கட்டை ஆச்சே. ரொம்ப வருஷமா இங்கதான் இருக்காரு, நானும் ஒரு சொந்தக்காரங்களையும் பார்த்ததில்லையே. வேற யாரையோ தேடுறீங்க போல.”

“இல்லம்மா, இவரைத்தான்” என்றேன்.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். முட்டி வலி தெரியவில்லை. குழுவில் என்ன பேசுவது என்று படி ஏறிக்கொண்டே வார்த்தை கோத்தேன். ‘என் கண்ணு கலங்கலப்பா, நல்லாத்தான் தெரியுது’ என்று ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். அதற்கு நானே ஒரு தடவை சிரித்தும் கொண்டேன்.

மாடிக் கதவு திறந்து, உள்பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பெயிண்ட் வாடை. கட்டிலைப் பழைய விரிப்பால் மூடியிருந்தது. ஒரு ஸ்டூலின் மேல் நின்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். கூரை ரோஸ், ஜன்னல் மஞ்சள், கிளிப்பச்சைச் சுவர் எல்லாம் வெள்ளைக்குள் போய்விட்டன. ஒரு கத்தரிப்பூச் சுவரில் பாதி போயிருந்தது. போன இடத்திலும் சரியாகப் போகவில்லை. வெள்ளைக்கு அடியிலிருந்து ஊதா கசிந்து, அடிபட்டுக் கன்றிப்போன தோல் மாதிரி இருந்தது.

“உள்ள வரலாமா?” என்றேன்.

அவர் கை நின்றது. திரும்பக்கூட இல்லை. நான் யார் என்று சொல்லவில்லை, அவர் என்னைப் பார்த்ததும் இல்லை. உள்ளே வரலாமா என்பது மட்டும்தான் என் வாயிலிருந்து வந்தது.

“நீங்களா” என்றார்.

இறங்கினார். ஐம்பதை ஒட்டின ஆள். ஓட்டல் பெயர் தைத்த கால்சட்டை, மேலே கிழிந்த பனியன். முன்நெற்றியில் ஒரு சொட்டு வெள்ளை. ஸ்டூலை வேகவேகமாகத் துடைத்து என் பக்கம் தள்ளினார். “உக்காருங்கண்ணே. படி உசரம், மூச்சு வாங்கியிருக்கும். தண்ணி குடிக்கிறீங்களா?”

வாசலிலேயே வைத்துச் சண்டை போடுவார், அல்லது பயந்துபோய் உளறுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். உட்காரச் சொல்கிறார். உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகும் என் புத்தி போகவில்லை. பையை நீட்டி, “அம்மாவுக்கு வாங்கிட்டு வந்தேன். உள்ள இருக்காங்களா?” என்றேன்.

உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. இருப்பது அந்த ஒரே அறை. அது எனக்கும் தெரிகிறது, எனக்குத் தெரிகிறது என்று அவருக்கும் தெரிகிறது. அவர் பையை வாங்கவில்லை. பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி, வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி நின்றார். பிரஷ்ஷிலிருந்து தரையில் சொட்டியது.

“அம்மா இல்லண்ணே. அவங்க போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு.”

நான் பழப் பையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன்.

“கண்ணும் அவங்களுக்குக் கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஊசியில நூலு அவங்களேதான் கோப்பாங்க. செத்துப்போனவங்க கண்ணை நான் புடுங்கிட்டேன்.” முகத்தைப் பிரஷ் பிடித்த கையாலேயே துடைத்தார். கன்னத்தில் வெள்ளை இழுவிக்கொண்டது. “அதை எழுதினதுலேர்ந்து அவங்க போட்டோவை எடுத்துப் பெட்டியில வச்சுட்டேன். பார்க்க முடியல.”

பிடிக்க வந்ததைப் பிடித்தாகிவிட்டது. கோத்து வைத்த வார்த்தை அப்படியே வாயில் இருந்தது. துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

“ஏன் தம்பி அப்படி எழுதினீங்க?”

“எல்லாரும் ஏன் ஏன்னு கேட்டாங்கண்ணே. உங்க வாய்ஸுக்குக் கீழ அத்தனை பேரு. புடிச்சிருந்துச்சுன்னு எழுதினேன். அழிச்சேன். திரும்ப எழுதினேன், அதையும் அழிச்சேன். புடிச்சிருந்துச்சுங்கறது பத்தாது போல இருந்துச்சு. வேற ஏதாவது இருந்தாத்தான் விடுவாங்கன்னு தோணுச்சு. அம்மான்னு எழுதினதும் விட்டுட்டாங்க.”

எனக்கு எப்படியாவது அந்த ஆளுக்கு ஒரு வழி பண்ணிக் கொடுத்துவிட வேண்டும் போல இருந்தது. அவருக்காகத்தானா, எனக்காகவா, தெரியாது. “வேலை இந்த ஓட்டல்லயா?” என்று கேட்டேன்.

“ஆமாண்ணே. சலவையில. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு.”

“எல்லாம் வெள்ளையா?”

“வெள்ளைதான்.”

“அதான் பாருங்க!” என்று தொடையைத் தட்டினேன். “பொழுது விடிஞ்சா வெள்ளை, பொழுது சாஞ்சா வெள்ளை. பார்த்துப் பார்த்து சலிச்சுப் போயிருக்கும். அதான் வீட்டுலயாவது கலரா இருக்கட்டும்னு அடிச்சிருக்கீங்க. இதைச் சொல்லியிருந்தா ஒருத்தன் வாயைத் திறந்திருப்பானா?”

அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். நான் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் நல்லதுதானே என்கிற மாதிரி யோசித்தார். அப்புறம் தலையை ஆட்டினார்.

“இல்லண்ணே. வெள்ளையும் எனக்குப் புடிக்கும். சூடா மடிச்சு அடுக்கி வச்சா அழகாத்தான் இருக்கும். இது வேற. கடையில கார்டைப் புரட்டினேன், இந்தக் கலரு நல்லா இருந்துச்சு. பச்சையும் நல்லா இருந்துச்சு. வாங்கியாந்து அடிச்சேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.”

அவ்வளவுதான். நான் அதற்கு மேல் தோண்டவில்லை. தோண்டிக்கொண்டிருந்தது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மனுசன் தன் வீட்டுச் சுவருக்கு ஒரு கலர் அடித்திருக்கிறான். அதற்கு நானும் அந்த வாசற்படி தாண்டி வந்து காரணம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

“அப்புறம் எதுக்கு வெள்ளையடிக்கிறீங்க? வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா?”

“அவரு ஒண்ணும் சொல்லல. தப்பா எடுத்துக்காதீங்க.” கொஞ்சம் தயங்கினார். “காலையில கண்ணு முழிச்சா, கலரு தெரியறதுக்கு முன்னாடி உங்க குரலு கேக்குது. அந்தச் செருமல்லேர்ந்து கேக்குது. வேலை செய்யற இடத்துல பசங்க அந்தப் பாட்டைப் போட்டுக்கிட்டுத்தான் துணி மடிக்கிறாங்க. அது என் ரூமுன்னு அவங்களுக்குத் தெரியாது. நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்கலைன்னா கண்டுபிடிச்சுடுவாங்கல்ல?”

நான் தரையைப் பார்த்தேன். சொட்டின வெள்ளை காய ஆரம்பித்திருந்தது.

“ஒண்ணு கேக்கவாண்ணே? கோச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்க.”

“பொம்பளை இல்லாத வீடுன்னு எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?”

குத்திக் காட்டவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடுமா, அப்படி என்றால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இத்தனை வருஷமாகத் தெரிந்திருக்குமா என்ற கவலை அந்த முகத்தில் இருந்தது.

“சும்மா சொன்னதுப்பா” என்றேன். “எனக்கு என்ன தெரியும்? சிரிப்பு வரட்டும்னு சொன்னேன்.”

“ஓ” என்றார். நிம்மதியா, வேறு ஏதாவதா என்று அந்த ‘ஓ’வில் எனக்குப் பிடிபடவில்லை.

நான் எழுந்தேன். “போதும், வைங்க பிரஷ்ஷை. நான் ஆளு கூட்டிட்டு வர்றேன். நானே பக்கத்துல நின்னு திரும்பக் கத்தரிப்பூவே அடிச்சுத் தர்றேன். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஓரம் பிசிறில்லாம. முன்ன இருந்ததைவிட நல்லா இருக்கும்.”

“வேணாண்ணே.”

“என் செலவுதான் தம்பி.”

“அதுக்கில்லண்ணே. நீங்க அடிச்சாலும் அது பேசும்.”

என் கைவேலைக்கு எத்தனையோ பேர் குறை சொல்லியிருக்கிறார்கள். ஓரம் சரியில்லை, கோடு விழுகிறது, நாள் ஆகிறது. சுவரைப் பேச வைத்துவிட்டாய் என்று யாரும் சொன்னதில்லை.

அவர் திரும்பப் பிரஷ்ஷை வெள்ளையில் முக்கினார். சுவரைக் காட்டி, “ஒரு சந்தேகம்ணே. எத்தனை தரம் அடிச்சாலும் அந்த ஊதா மேல வந்துக்கிட்டே இருக்கு. நீங்க இந்தத் தொழில்தானே? என்ன பண்ணணும்?” என்றார்.

சொல்லக்கூடாது என்று நினைத்தேன். தெரியாது என்று சொல்லிவிட்டால் பாதியாவது மிஞ்சும். ஆனால் பாதி வெளுத்து பாதி கன்றிப்போய் நிற்கும் அந்தச் சுவரைப் பார்த்தால் அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது. அது என் அசிங்கம். “நேரா வெள்ளை அடிச்சா நிக்காது. லேசாத் தேய்ச்சுட்டு, பிரைமர் ஒரு கோட்டு. அது நல்லாக் காயணும். அப்புறம் வெள்ளை ரெண்டு கோட்டு” என்றேன். அவரிடம் கொஞ்சம் பிரைமர் இருந்தது. எதற்கு என்று தெரியாமல் மூலையில் வைத்திருந்தார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து, இடுப்பு உயரத்துக்குக் கீழே இழுத்தேன். அவர் கட்டிலைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் ஏறி நின்று மேலே இழுத்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ சுவரை மறைத்திருக்கிறேன். கை தானாகப் போகும், மனசு எங்கேயோ இருக்கும். அன்றைக்குப் பிரஷ் போன இடமெல்லாம் மனசும் கூடவே போனது. கத்தரிப்பூ நல்ல நிறம்தான். கிட்டத்தில், ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுகிற நேரத்தில் பார்த்தால் தெரிகிறது. ஆனால் அதை இப்போது சொன்னால் அவர் நம்பமாட்டார். நானே நம்பியிருக்கமாட்டேன்.

போன் அடித்தது. கடைக்காரர். “அண்ணே, போயிட்டீங்களா? அம்மாவைப் பார்த்தீங்களா? எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. ஒரு வாய்ஸ் தட்டி விடுங்க.”

வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். “உண்மையைச் சொல்லிடறேன் தம்பி. அவருக்குப் புடிச்சிருந்துச்சு, அடிச்சாரு, உங்களுக்கும் எனக்கும் என்ன வந்துச்சுன்னு கேட்டுடறேன். அது போதும். வேற காரணம் எதுக்கு?”

அவர் கட்டிலிலிருந்து குதித்தே இறங்கிவிட்டார். “வேணாண்ணே! அம்மா இல்லைன்னு தெரிஞ்சா அவ்வளவுதான். பொய் சொன்னவன்னு இன்னொரு பாட்டுப் போடுவாங்க. கும்பிட்டுக் கேக்கறேன், அம்மா இருக்காங்கன்னே சொல்லிடுங்க.”

நிஜமாகவே கும்பிட்டார். வெள்ளை ஒட்டின இரண்டு கையும் சேர்ந்து நின்றது.

மைக்கை அமுக்கினேன். செருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். “எல்லாருக்கும் வணக்கம். நான் பெரிசு. அந்தத் தம்பி வீட்டுக்கு வந்திருக்கேன். அம்மாவைப் பார்த்தேன். நல்லா இருக்காங்க. நான் பேசினது தப்பு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல.” விரலை எடுத்தேன். போய்விட்டது.

கை தட்டுகிற படம், மாலை போடுகிற படம் எல்லாம் வந்து விழ ஆரம்பித்தது. ‘பெரிய மனுசன் பெரிய மனுசன்தான்’ என்று பாட்டுக் கட்டினவன் எழுதியிருந்தான். மகளும் எழுதியிருந்தாள், ‘அப்பா, இதை ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டப் போறேன்’ என்று. போனைப் புரட்டிக் கட்டில் விரிப்புக்கு அடியில் சொருகினேன். அங்கேயும் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் அந்த அதிர்வையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களாண்ணே?”

“ரொம்ப.”

விளக்குப் போடுகிற நேரத்துக்கு, விசிறிக் காற்றில் பிரைமர் காய்ந்த இடங்களில் வெள்ளை முதல் கோட்டு முடிந்தது. அறை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. ஓட்டல் சலவைக்கூடம் மாதிரியும் இருந்தது. மிச்சம் இருந்தது கதவுப் பக்கச் சுவரில் கதவு மறைத்த இடம் ஒன்றுதான். நான் ஸ்டூலை நகர்த்திக்கொண்டு அங்கே போய், சுவரோடு ஒட்டிக் கிடந்த கதவை இழுத்துச் சாத்தினேன். பின்னாலிருந்து கதவு அகலத்துக்குக் கத்தரிப்பூ வந்தது. கை படாமல், வெயில் படாமல், அடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

பிரஷ்ஷை முக்கினேன். பின்னால் அவர் நகராமல் நிற்பது தெரிந்தது.

“அண்ணே.”

“சொல்லுங்க.”

“இது மட்டும் இருக்கட்டுமா?”

நான் திரும்பினேன். அவர் என்னைக் கேட்கிறார். அவர் வீடு, அவர் சுவர், அவர் வாங்கின டப்பா. என்னிடம் உத்தரவு கேட்கிறார். நான் உடனே பதில் சொல்லாததை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் போல.

“யாராச்சும் வந்தா கதவைத் திறந்தே வச்சுக்கறேண்ணே” என்று அவசரமாகச் சொன்னார். “பின்னால மறைஞ்சுக்கும். யாருக்கும் தெரியாது.”

தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டின பிறகுதான் தெரிந்தது, சரி, வைத்துக்கொள் என்று நான் அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது என்று. அவர் முகம் மலர்ந்து, “ரொம்ப நன்றிண்ணே” என்றார்.